இருபத்தெட்டு அடிக்குக் கீழே

இரவு பத்தே முக்கால் மணி. ஆகஸ்ட் மாதம். டாலிவர் ஏரிக்கு இறங்குகிற சரளைச் சாலை... இரண்டு பக்கமும் பைன் மரங்கள். ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரே ஒரு பிக்கப் வண்டி போகிறது.

யாருக்கு நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் கேட்கக் கூடாது. என் சித்தப்பா மகன் எரிவாயு லாரி ஓட்டுகிறானே, அவனோடு பதினோரு வருஷம் வேலை பார்த்த ஹார்லன் ஸ்டெகால் என்பவருக்கு. குடிக்க மாட்டார். மீனின் நீளத்தைக்கூட ஒரு விரல் கூட்டிச் சொல்ல மாட்டார். மீன் பிடிக்கிறவர்களில் அப்படி ஒரு ஆளை இந்த அலபாமாவில் வேறு எங்கே காட்டுவீர்கள்? சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

வண்டியை ஓட்டியது ஹார்லன். பக்கத்தில் மனைவியின் தம்பி கோய். மூன்று வாரமாகத் தினமும் ராத்திரி தனியாக இந்த ஏரிக்கு வந்துகொண்டிருந்தவன். அன்றைக்குத்தான் ஹார்லன் கூட வந்தார், அதுவும் மனைவி லொரீன் கையைப் பிடித்துக் கேட்டதால்.

"ஒருத்தனைக் குடுத்தது போதும் ஹார்லன். இன்னிக்கு ஒரு ராத்திரி கூடவே இரு. பேசிப் பாரு. அடிச்சாவது கோயை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு."

லொரீனுக்குப் பதினாறு வயதில் தாய் போய்விட்டாள். டூயி, கோய் என்று இரண்டு தம்பிகளுக்கும் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, ஆளாக்கியது அவள்தான். அவர்கள் இருவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஒரே உயரம், ஒரே முகவெட்டு, ஒரே நடை. பின்னாலிருந்து ஒருவனைக் கூப்பிட்டால் மற்றவன் திரும்புவான்.

மூத்தவன் டூயி போனது ஜூலைக் கடைசியில். வெயில் காலத்தில் பகலில் பாஸ் மீன் வாயைத் திறக்காது, ராத்திரிதான் பிடிக்க வேண்டும். பிடித்ததை உயிரோடு வைத்திருக்கப் படகுத் தொட்டியில் ஐஸைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு ஐஸ் தீர்ந்துவிட்டது. டூயி தம்பியைத் துறையில் இறக்கிவிட்டு, "நீ போய் வாங்கிட்டு வா, அதுக்குள்ள ரெண்டு வீச்சு வீசிப் பாக்குறேன்" என்று திரும்பிப் போனான். கோய் கையில் இரண்டு பை ஐஸோடு வந்தபோது படகு மட்டும் நடு ஏரியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முக்குளிப்பவர்கள் ஆறு நாள் தேடினார்கள். அந்த ஆழத்துக் குளிரில் கிடக்கிற உடல் மேலே வராது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதே இடத்துக்குத்தான் கோய் படகை விட்டான்.

அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு சாலை இருந்தது. இப்போதும் இருக்கிறது, தண்ணீருக்குள். கோடையில் பாஸ் மீனெல்லாம் அந்தச் சாலையின் மேட்டில் வரிசையாகப் போய் நிற்கும். ஹார்லன் ஊதா விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் தூண்டில் நரம்பு சுண்ணாம்புக் கோடு போலப் பளிச்சென்று தெரியும், மீன் கடித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ரப்பர் புழுவை இருபத்து நாலு அடியில் இறக்கி, தரையில் தட்டித் தட்டி இழுத்தார். டொக்... டொக்... ஒரே இழுப்பு. நாலு பவுண்டு இருக்கும்.

"பரவாயில்லையே மச்சான்," என்றான் கோய். "நீ புழுவை ஆட்டுற லட்சணத்துக்கு அது தற்கொலைதான் பண்ணிக்கிட்டிருக்கும்."

ஹார்லனுக்கு மனசு லேசானது. மூன்று வாரத்தில் பையன் பேசிய முதல் கேலி அது. "நீ எத்தனை பிடிச்ச மாப்ளே? அதைச் சொல்லு முதல்ல," என்றார். இன்னும் இரண்டு மீன் வந்தது. காற்றே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கரையில் பூச்சிகள் காது கிழியக் கத்தின.

அப்போதுதான் கவனித்தார். கோயின் நரம்பு மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போகிறது.

"எவ்வளவுடா விட்டிருக்க?"

"நாப்பத்தஞ்சு அடி."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் ஏரி இரண்டாகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான தண்ணீர். கீழே ஐஸ் போன்ற தண்ணீர், அதில் மூச்சுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில், படகில் மாட்டியிருக்கும் மீன் பார்க்கும் கருவியின் திரையில் மங்கலாக ஒரு கோடு தெரியும். அந்த வருஷம் டாலிவர் ஏரியில் கோடு இருபத்தெட்டு அடியில் நின்றது. அதற்குக் கீழே எந்த மீனும் போகாது, போனால் செத்துவிடும். யாரும் அங்கே தூண்டில் போடுவதும் இல்லை.

"கோட்டுக்குக் கீழ என்னடா இருக்கு? ஒரு உயிர் இருக்குமா அங்க?"

"தினமும் இருக்கு மச்சான்."

"கடிக்குதா?"

கோய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"கடிக்கல," என்றான். "பிடிச்சுக்குது."

ஹார்லன் திரையைப் பார்த்தார். மீன் என்றால் திரையில் வில் மாதிரி வளைந்து தெரியும். கோட்டுக்குக் கீழே வளைவு எதுவும் இல்லை. நெட்டுக்குத்தாக ஒன்று நின்றது. ஆறடி உயரம் இருக்கும். படகு நகர்ந்தது. அதுவும் கூடவே நகர்ந்தது... படகுக்கு நேர் கீழே.

"கோய். சுத்து. ரீலைச் சுத்து. வீட்டுக்குப் போலாம்."

"நான்தானே ஐஸ் வாங்கப் போனேன் மச்சான். அவனைத் தனியா விட்டுட்டுப் போனது நான்தானே. இன்னிக்கு மேல வந்துடுவான். நேத்தே முப்பத்தஞ்சு வரைக்கும் வந்தான்."

ஊதா வெளிச்சத்தில் நரம்பு நகர ஆரம்பித்தது. வெடுக்கென்று இல்லை. மெதுவாக... படகின் மூக்கைச் சுற்றி, இந்தப் பக்கம் வந்து, பின்னால் மோட்டார் வரைக்கும். ஒரு ஆள் வீட்டைச் சுற்றி வந்து கதவு எங்கே என்று தேடுகிற மாதிரி. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. திரையில் எண்கள் குறைந்தன. நாற்பது. முப்பத்தாறு. முப்பத்தொன்று.

கரையில் பூச்சிச் சத்தம் நின்றது. ஒரே நேரத்தில், மொத்தமாக. தண்ணீரிலிருந்து அழுகிய முட்டை வாடை கிளம்பியது.

ஹார்லன் கத்தியை எடுத்து நரம்பை அறுத்தார்.

அறுந்த நரம்பு தொய்ந்து மிதக்க வேண்டும், இல்லையா? மிதக்கவில்லை. நேராக உள்ளே போனது. நின்றது. மறுபடி கொஞ்சம் போனது. நின்றது. கீழேயிருந்து யாரோ கை மாற்றிக் கை மாற்றி இழுத்து எடுத்துக்கொள்கிற மாதிரி, கடைசி முனை வரைக்கும்.

"அறுத்துட்டியே!" என்று கோய் அலறினான். "பாவி, என் அண்ணனை அறுத்துட்டியே!" அப்புறம் படகின் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஹார்லன் அவன் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு, மோட்டாரை முடுக்கிக் கரைக்கு விரட்டினார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

தப்பு நடந்தது துறையில்தான். அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது, எல்லோரும் செய்வதுதான். ஒருத்தர் இறங்கிப் போய் வண்டியைக் கொண்டுவந்து, டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னுக்கு விட வேண்டும். இன்னொருத்தர் படகிலேயே இருந்து அதை டிரெய்லர்மேல் ஏற்ற வேண்டும். நம்மில் எத்தனை பேர் எத்தனை தடவை செய்திருப்போம்! ஹார்லனும் யோசிக்கவில்லை. "இங்கயே இரு மாப்ளே, எங்கயும் நகராத," என்று சொல்லிவிட்டு மேட்டில் நின்ற வண்டிக்கு ஓடினார்.

நாலு நிமிஷம். அதற்குமேல் ஆகியிருக்காது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறார்.

வண்டியைப் பின்னுக்கு விட்டார். கண்ணாடியில் பார்த்தார். பின்விளக்கின் சிவப்பில் படகு நேராக வந்து, ஒரு சிறு இடிகூட இல்லாமல், டிரெய்லர்மேல் ஏறி நின்றது. ஓட்டுகிற இருக்கையில் ஆள். தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டிருந்தான். இறங்கி, கொக்கியை மாட்டி, நடந்து வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"விழுந்துட்டியாடா?"

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கோபமாக இருக்கிறான் என்று ஹார்லன் நினைத்தார். இருக்கட்டும், கோபத்தோடாவது வீட்டுக்கு வரட்டும்.

வண்டியில் ஏசி கெட்டுப்போய் ஒரு மாசம் ஆகிறது. அந்தப் புழுக்கத்தில், அந்தச் சரளைச் சாலையில், முன்கண்ணாடி பனித்தது. ஹார்லன் உள்பக்கம் கையால் துடைத்தார். போகவில்லை. பனித்தது வெளிப்பக்கம். உள்ளே அவ்வளவு குளிர். வைப்பரைப் போட்டார். அது கறக் கறக் என்று இழுத்தது. பக்கத்தில் இருந்தவன் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சுச் சத்தமும் கேட்ட ஞாபகம் இல்லை என்கிறார்.

வாசல் விளக்கின் கீழ் லொரீன் நின்றுகொண்டிருந்தாள். அவன் தலை குனிந்தபடி போனான். அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஒரு கணம் அவள் உடம்பு விறைத்தது, ஹார்லன் பார்த்தார். அப்புறம் இன்னும் இறுக்கிக்கொண்டாள். அப்படி ஒரு அழுகை அழுதாள். "உள்ள வாடா கண்ணு, உள்ள வா," என்று அணைத்தபடியே கூட்டிக்கொண்டு போனாள்.

ஹார்லனுக்கு நிம்மதி. சொன்னதைச் செய்துவிட்டோம் என்று பெருமூச்சு விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை எடுக்கப் படகில் ஏறினார். டார்ச் அடித்தார்.

தரையில் கோயின் மூக்குக் கண்ணாடி கிடந்தது.

அது இல்லாமல் கோய்க்கு நீட்டின கை தெரியாது. கும்மிருட்டில் அவ்வளவு நேராகப் படகை ஏற்றினது யார்? தொட்டியைத் திறந்தார். மூன்று மீனும் வயிறு மேலே கிடந்தன. தண்ணீரில் விரலை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஐஸ் கரைந்து ஒரு மணி நேரம் ஆகியும் விரல் மரத்துப்போனது.

வீட்டுக்குள் ஓடினார். பின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே நாற்காலி போட்டு லொரீன் உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் போடாத. தூங்குறான்."

"யாரு தூங்குறது, லொரீன்?"

ஹார்லன் கதவைத் தள்ளினார். ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. படுக்கை தொப்பலாக நனைந்து, நடுவில் ஒரு ஆள் படுத்த பள்ளம். அழுகிய முட்டை வாடை. ஆள் இல்லை.

ஷெரீப் வந்தார், படகுகள் வந்தன, ஒன்பது நாள் தேடினார்கள். கோயும் கிடைக்கவில்லை. ஹார்லன் சாப்பிடாமல், தூங்காமல், துறையிலேயே கிடந்தார். தனியாக விட்டுவிட்டுப் போனேனே, தனியாக விட்டுவிட்டுப் போனேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பத்தாம் நாள் ராத்திரி வீட்டுக்கு வந்தார். லொரீன் சோள ரொட்டியும் பீன்ஸும் வைத்திருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் வண்டிச் சாவி. அவருடைய தூண்டிலைத் துடைத்துச் சுவரில் சாத்தி வைத்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"கட்டிப் பிடிச்ச உடனே தெரிஞ்சிடுச்சு ஹார்லன்," என்றாள். "நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? டூயின்னு தெரிஞ்சேதான் உள்ள கூட்டிட்டுப் போனேன். வாசல் வரைக்கும் வந்தவனை எப்படித் திருப்பி அனுப்ப முடியும்?"

அவள் பின் அறைப் பக்கம் தலையைத் திருப்பி, யாரோ பேசுவதைக் கேட்பது போலக் கேட்டாள்.

"கோய் அங்க தனியா இருக்கானாம்," என்றாள். "நீ சாப்பிட்டுட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடு. தூண்டிலைப் போட்டுட்டு நீ படகுல உக்காந்திருந்தா போதுமாம், மத்ததைக் கோயே பாத்துப்பானாம்."

ஹார்லன் சாவியை எடுத்தார். வாசலுக்கு வந்தார். படகைக் கழற்றிப் போட்டுவிட்டு, வண்டியை மேற்கே விட்டவர்தான், டெக்சாஸின் வறண்ட பக்கம் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். குளிக்கும்போதுகூடத் தொட்டியில் தண்ணீர் பிடிக்க மாட்டார்.

லொரீன் விவாகரத்து வாங்கினாள். மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டாள். புதுக் கணவர் ரொம்ப நல்ல மனுஷன், ராத்திரியில் அதே ஏரிக்குத் தனியாக மீன் பிடிக்கப் போகிறவர் என்று கேள்வி. இந்த ஆகஸ்ட் ஆரம்பத்தில், ராத்திரி ஒரு மணிக்கு, ஹார்லனுக்கு ஒரு போன் வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் லொரீன் குரல். அவ்வளவு சந்தோஷமான குரல்.

"ஹார்லன், இனிமே நீ பயப்படாத," என்றாளாம். "தம்பிங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்க."