கட்டிலுக்கு அடியில் நிறைந்த பேட்டரி

கார் பேட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், ஐயா. அது பழைய காலத்துப் பேச்சு. தரை ஒன்றும் செய்யாது. குளிரில் காலியாகக் கிடப்பதுதான் பேட்டரியைக் கொல்லும். நிறைந்தது எங்கள் மலைப்பனியைத் தாங்கும். காலியானது உள்ளே உறைந்து பிளந்துவிடும். அதனால் பனிக்காலத்தில் வண்டி எடுக்காதவர்கள் அதைக் கழற்றி, முனையில் பூத்த வெள்ளையைச் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்து, அவ்வப்போது மெல்ல சார்ஜ் ஏற்ற வேண்டும். ஸ்மோலியான் பேருந்துப் பணிமனையில் தலைநரைக்கும்வரை நான் செய்த வேலை இது.

ஸ்வெட்லினிடமும் இதைத்தான் சொன்னேன். அவனும் அவன் மனைவி ரலிட்சாவும் கோடையில்தான் பிளோவ்திவ் நகரத்திலிருந்து வந்து பக்கத்து வீட்டை வாங்கியிருந்தார்கள். பனி விழுந்ததும் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் கீழே இறங்கிவிட, மேட்டில் மிஞ்சியது நாங்கள் மூவர்தான்.

"மாமா, பேட்டரியை நீங்களே வெச்சிக்குங்க. எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது," என்றான்.

ரலிட்சா ஜன்னலிலிருந்து சிரித்தாள். "அவருக்கு பல்பு மாட்டவே பயம் மாமா. நேத்து ஏணியில ஏறிட்டு என்னைப் பிடிச்சுக்கச் சொல்லி ஒரே கத்தல்."

"ஏணி ஆடுச்சுடீ."

"ஏணி ஆடல. நீங்கதான் ஆடினீங்க."

நல்ல பிள்ளைகள். அவர்கள் சண்டை போடும் சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். அதைக் கேட்டபடியே தூங்கிவிடுவேன்.

அதற்கு முந்தைய பனிக்காலத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது அந்தப் பக்கத்து வீட்டில் ஸ்லாவ்சோ என்ற கிழவன் இருந்தான். பனி பாதையை மூடிய பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். குழி வெட்ட முடியாமல் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. அவனைக் கம்பளியில் சுற்றி அவன் வீட்டிலேயே வைத்தேன். பனி உருகும்வரை நான் மட்டும். எங்கள் மேட்டில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. முதலில் அடுப்போடு பேசினேன். பிறகு அடுப்பு பதில் சொல்லத் தொடங்கியது. ஒரு நாள் வெளியே போய் என் வீட்டுக் கதவையே தட்டினேன், யாரோ வந்திருப்பதுபோல் கேட்கட்டும் என்று. தட்டி முடித்ததும் உள்ளே யாரோ எழுந்து வருவதுபோல் இருந்தது. இருட்டும்வரை பனியிலேயே நின்றேன். உள்ளே போகத் துணிவில்லை.

அந்தப் பயம் உங்களுக்குப் புரியாது. புரிய வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ரலிட்சா என்னைப் பீன்ஸ் சூப்புக்குக் கூப்பிட்டாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. "இங்க டாக்டர் ஏது மாமா? பண்டிகை முடிஞ்சதும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறோம். அப்புறம் மூணு பேரா வந்து உங்க உயிரை வாங்கறோம்."

நல்லது என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர்கள் பேட்டரியை என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கொட்டகையில் கிடந்த, செத்துப்போன பழைய பேட்டரி ஒன்றைத் துடைத்து சார்ஜரில் மாட்டினேன். இரண்டும் கறுப்புப் பெட்டிகள்தான். ஸ்வெட்லினுக்கு வித்தியாசம் தெரியாது. அவர்கள் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட வைப்பது மட்டுமே என் எண்ணம். பெரிய பனி விழுந்துவிட்டால் அவர்களே தங்கிவிடுவார்கள்.

ஆனால் ரலிட்சாவுக்கு அதற்குள் இரத்தம் போகத் தொடங்கியது. காலையில் ஸ்வெட்லின் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடிவந்தான். பழையதைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் மாட்டினோம். டிக் டிக் என்று சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

"என்ன மாமா இது? ஃபுல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"குளிர்ல சில சமயம் இப்படித்தான் தம்பி, ஏமாத்திடும்."

"வேற ஏதாவது வழி இருக்கா? சொல்லுங்க மாமா, ஏதாவது."

வழி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதைக் கொண்டுவந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்பான். என்னைப் பார்த்துப் பயப்படுவான். அப்புறம் அவர்கள் திரும்பியே வரமாட்டார்கள். நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன், இல்லை என்று.

கீழ் ஊருக்கு நடந்துபோய் ஆள் கூட்டிவருவதாகச் சொன்னான். மேற்கே வானம் வெளுத்திருந்தது. அது எதற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. என் கம்பளித் தொப்பியை அவன் தலையில் நானே மாட்டிவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"நான் வர்ற வரைக்கும் அவளைப் பாத்துக்குங்க மாமா."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மனதாரச் சொன்னேன்.

மதியத்துக்குள் பனிப்புயல் வந்துவிட்டது. கீழ் ஊருக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கமே அவன் உறைந்து கிடந்ததைப் பனி தள்ளும் வண்டிக்காரர்தான் பிறகு கண்டார். குழந்தையும் தங்கவில்லை. ரலிட்சா பிழைத்தாள். என் கையாலேயே சூப் ஊட்டினேன், விறகு வெட்டிப் போட்டேன், விரிப்புகளைத் துவைத்தேன். வண்டிப் பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம் என்று சார்ஜர் எடுக்க என் வீட்டுக்குள் போனவள், கட்டிலுக்கு அடியில் எதைக் கண்டாளோ, அன்றிலிருந்து பேசுவதை நிறுத்திவிட்டாள். அதனால் என்ன. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடப்பது கேட்டது. நான் நன்றாகத் தூங்கினேன்.

ஸ்வெட்லினைக் கொன்றது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் என்னைக் கண்டு நடுங்கினாள் என்று இந்த வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருப்பது மட்டும் சரியில்லை. மாலையானதும் அலமாரியைக் கதவுக்குப் பின்னால் இழுத்து வைத்துவிட்டு, கோடரியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், உண்மை. மேட்டில் தனியாக இருக்கும் பெண், ஓநாய்களுக்குப் பயந்திருப்பாள்.