பிஷப் கொன்ற கதிர்க்குருவி

மே பதினோராம் தேதி மதியம், ஷெட்லாந்தைச் சேர்ந்த ஸ்னாரா தீவில் காற்று தென்கிழக்குக்குத் திரும்பியது. கூடவே மழையும் வந்தது.

நாங்கள் வருடம் முழுக்கக் காத்திருப்பது இந்தக் காற்றுக்காகத்தான். வடக்கே போகவேண்டிய பறவைகள் திசை தவறி, களைத்து, எங்கள் கல்சுவர்களின் மேல் வந்து விழும். அன்று என் முட்டைக்கோஸ் பாத்தியில் செவ்வால் குருவிகள் கோழிக்குஞ்சுகள்போல நடந்து திரிந்தன. அவை நனையக்கூடாதே என்று சமையலறைக் கதவைத் திறந்தே வைத்தேன். லௌரி மௌவாட் என்கிற நான் பறவைகளை நேசிப்பவன் என்பதில் இந்தத் தீவில் இரண்டு கருத்து கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மணிவாக்கில் காஞ்சொறிப் புதருக்குள் ஒரு பழுப்புக் குருவியைப் பார்த்தேன். நாணல் கதிர்க்குருவி. ஆனால் அலகு நீளம். சாதாரண நாணல் கதிர்க்குருவி எங்களுக்கு அவ்வப்போது வரும். பெரிய அலகு உள்ளது மத்திய ஆசியாவில் இருக்கவேண்டியது. எங்கள் தீவுக்கு வந்ததே இல்லை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கும்.

எங்கள் தீவின் பறவைப் பதிவேட்டில் முதலில் கண்டவர் பெயர்தான் பறவையின் பக்கத்தில் ஏறும். மனிதர் செத்தபிறகும் அது அங்கேயே இருக்கும். என் பெயர் எந்தப் பறவைக்குப் பக்கத்திலும் இல்லை.

சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் பறவை நிலையத்தில் கூடினோம். நிலையப் பொறுப்பாளர் ரோனா ஒவ்வொரு பறவையாகப் பெயர் சொல்ல, அவரவர் பார்த்த எண்ணிக்கையைச் சொல்வார்கள். கடைசியில், "வேற ஏதாவது?" என்றாள்.

"பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி. ஒண்ணு. என் தோட்டத்துல."

படகோட்டி மான்சி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "போன வருஷம் பனி ஆந்தைன்னு சொல்லி எங்களை மலை ஏற வெச்சியே லௌரி, அது கடைசியில யாரோட உள்பாவாடை?"

"என்னோடதுதான்," என்றாள் ஓஸ்லா. என் பக்கத்து வீட்டுக்காரி. "கொடியிலேருந்து வலசை போயிருச்சு. ரோனா, அதையும் ஏத்திக்கோ. பெண்பறவைன்னு போடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் பிறகு நடந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"உன் தோட்டத்துப் பக்கம் வந்தப்ப நானும் அதைப் பாத்தேன் லௌரி," என்றாள் ரோனா. "சாதாரண நாணல் குருவிதான். கையில பிடிச்சு அலகை அளந்தாத்தானே நீ சொல்றதை நம்ப முடியும்?"

"அப்ப வலை கட்டு."

"இந்தக் காத்துலயா? குருவி களைச்சுப் பஞ்சு மாதிரி இருக்கு, வலையிலயே உசிரு போயிரும். பாவம், நாலு பூச்சி தின்னுட்டுப் போகட்டும், விடு."

அவள் சொன்னது நியாயம். வலையில் அது பயந்து துடித்திருக்கும். என் கையில் துடிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மழை விட்டு வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வானம் தெளிந்தால் வந்த பறவைகள் கிளம்பிப் போய்விடும். மே மாதத்தில் எங்களுக்கு இருட்டு அவ்வளவு சீக்கிரம் வராது, ஆகவே எல்லாம் நன்றாகவே தெரிந்தது. குருவி சுவர் இடுக்கில் ஒண்டியிருந்தது. தொப்பியைக் கழற்றி மெதுவாக மூடினேன். உயிரோடு கொண்டுபோனால் ரோனா அளக்காமலே பறக்கவிட்டுவிடுவாள். நெஞ்சின்மேல் கட்டைவிரலை வைத்துக் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் போதும். அது கடைசிவரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. என்னை நம்பியது என்றே நினைக்கிறேன்.

செத்த பறவையோடு நானே போய் நின்றால் கேள்விகள் வரும். பூனை கொண்டுவந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஓஸ்லாவிடம் ஒரு பூனை இருந்தது. கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை. அதனால் பிஷப் என்று பெயர். குருவியை அவள் வாசற்படியில், பால் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிஷப் வந்து மோந்து பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

காலையில் ஓஸ்லா போட்ட கூச்சலில் ஊரே கூடியது. ரோனா அவள் சமையலறை மேசையிலேயே அலகை அளந்தாள். இரண்டாம் தடவை அளந்தாள்.

"லௌரி, நீ சொன்னதுதான் சரி."

மான்சி தலையிலிருந்த குல்லாயை எடுத்தான். என் வாழ்க்கையிலேயே நல்ல காலைப்பொழுது அது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாததை எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள்.

பிறகுதான் எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள்.

"அவன் வாயில ஒரு பல்லு கிடையாதுய்யா!" என்றாள் ஓஸ்லா. "மீனைக்கூட மசிச்சுத்தான் ஊட்டுறேன். அவனா கொன்னான்?"

ஐம்பது கெஜத்துக்கு அப்பாலிருந்து குருவியின் கால் நிறத்தைச் சொல்லிவிடுகிற ஆட்கள் அவர்கள். ஒருவர்கூடப் பூனையின் வாயைத் திறந்து பார்க்கவில்லை. என்னைக் கேட்டார்கள். பிஷப்பைக் காஞ்சொறிப் பக்கம் பார்த்ததாகச் சொன்னேன். அது எப்போதும் அங்கேதானே சுற்றும். அதனால் பொய் என்று சொல்லமுடியாது.

ஊர்க்கூட்டத்தில் தீவில் இனிப் பூனையே கூடாது என்று முடிவாயிற்று. பிஷப்புக்காகக் கை தூக்கியது ஓஸ்லாவும் நானும் மட்டும்தான். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர்ல மனுசன்னு நீ ஒருத்தன்தாண்டா," என்றாள். பூனையைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த படகில் அதோடு அவளும் லெர்விக் நகரத்துக்குப் போய்விட்டாள். கூண்டைத் துறைவரைக்கும் தூக்கிக்கொண்டு போனது நான்தான். பிஷப் கம்பி இடுக்கு வழியாக என் கட்டைவிரலை நக்கியது.

போன மாதம் பறவைக் குழுவின் முடிவு வந்தது. தீவின் முதல் பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி, ஏற்கப்பட்டது. கண்டவர்: ஓஸ்லா ஹால்க்ரோ.

ஏதோ தவறு என்று ரோனாவிடம் ஓடினேன்.

"உயிரோட இருந்தப்ப அதைப் பெரிய அலகுன்னு சொன்னது நீ ஒருத்தன்தான் லௌரி. செத்தது அவ வாசல்ல கிடைச்சுது. ரெண்டும் ஒரே குருவிதான்னு யாரு சாட்சி சொல்றது?"

என்னைத் தவிர வேறு யார்? அதனால்தான் உங்களை வரச்சொன்னேன், கான்ஸ்டபிள். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை, நானாகத்தான் சொல்கிறேன். மதியம் என் காஞ்சொறியில் நின்றதும், சாயங்காலம் என் தொப்பிக்குள் இருந்ததும், காலையில் அந்த மேசைமேல் கிடந்ததும் ஒரே குருவி. கொன்றது நான். சட்டப்படி என்ன உண்டோ செய்துகொள்ளுங்கள்.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று பறவைக் குழுவுக்குப் போகவேண்டும், முகவரி தருகிறேன். ஓஸ்லாவின் முகவரி என்னிடம் இல்லை. அவளுக்கு எதுவும் அனுப்பத் தேவையில்லை.