பிரிக்கக் கூடாத கட்டு

இல்லம்மா, அவரு வீட்ல இல்ல. நீ உள்ள வா, ஃபேனுக்குக் கீழ உக்காரு. பக்கத்து சலூனுக்கு ஷேவிங்குக்குப் போயிருக்காரு. இன்னிக்கு நீ கட்டு மாத்த வர்ற நாளாச்சே. முப்பத்தாறு வருஷமா என்கூட குடும்பம் நடத்துறாரு, எனக்காக ஒரு நாள் தாடி எடுத்ததில்ல. கம்பு ஊனிக்கிட்டுத்தான் போனாரு. நடக்கக் கூடாதுதான். நான் சொன்னா யாரு கேக்குறா? நர்ஸம்மா சொன்னாத்தான் அது வேதவாக்கு.

கோவமா? எனக்கு எதுக்கு கோவம்? உன் வேலைய நீ பாக்குற.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இந்தப் புண்ணு ஆரம்பிச்ச கத உனக்குத் தெரியாதுல்ல. டெய்லர் வேலை. குண்டூசி உள்ளங்கால்ல, வெரலுக்கு அடியில ஏறி இருக்கு, நாலு நாள் தெரியாமலே மெஷின மிதிச்சிருக்காரு. சக்கரைல கால் அப்படி மரத்துப் போச்சு. சாக்ஸ்ல சீழ் ஒட்டுனதப் பாத்துட்டு நான்தான் கண்டுபிடிச்சேன். பதினோரு மாசம். தெனம் ரெண்டு வேள, மடியில கால வச்சுக் கழுவி, மருந்து வச்சுக் கட்டினேன். நாத்தம் தாங்காம என் நாத்தனாரு வாசப்படியோட பேசிட்டுப் போயிடுவா. சொந்த அண்ணன் காலு அவளுக்கு. நான் மூக்கப் பொத்துனேனா?

அப்புறம் பெரிய டாக்டரு உன்ன அனுப்புனாரு. கத்தாழையும் ஏதோ இலைச்சாறும் சேத்த அந்த வழுவழுன்னு இருக்கிற தாளோட நீ வந்த. ஒட்டுன, போன. ரெண்டே வாரத்துல நாலு சென்டிமீட்டர் புண்ணு ரெண்டரை ஆச்சு. அன்னிலேருந்து போன்ல யாரு கூப்பிட்டாலும் அவருக்கு ஒரே பாட்டுத்தான். அந்தப் பொண்ணுக்கு என்ன கைராசி தெரியுமா, என்ன கைராசி தெரியுமான்னு. பக்கத்துல நின்னு காய் நறுக்கிட்டு இருக்கேன் நான். என் கை என்ன, கரண்டியா?

வயிறு எரிஞ்சுது. ஆமா, உங்கிட்ட சொல்றதுக்கென்ன வெக்கம். என் பொண்ணு வயசு உனக்கு. அப்பவும் எரிஞ்சுது.

என்னது? போட்டோவா? இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன். ம். இது போன தடவ எடுத்ததா? அதுக்கு முந்துனதா இது? ஆமா, ஒட்டுன தாளோட ஓரம் தூக்கித்தான் இருக்கு. தூக்கத்துல பொரண்டு படுத்திருப்பாரு. எல்லாத்துலயும் அதே ஓரமா? அப்படியா? பிளாஸ்திரி சரியில்லையோ என்னவோ. நான் என்னத்தக் கண்டேன்.

ஏன் அப்படிப் பாக்குற?

சரிதான், மூணு வாரமா ரெண்டரையிலேயே நின்னுச்சு, இப்ப மூணு ஆயிடுச்சு. தெரியும். டாக்டரு என்ன சொல்றாரு? உன்னையா குத்தம் சொல்றாரு? நீ கை சுத்தமில்லாம ஒட்டிட்டேன்னா? அது அநியாயம்மா. வாசல்லயே ரெண்டு தடவ சோப்பு போடுற ஆளு நீ. இன்னிக்கும் சுருங்கலன்னா? வெரல எடுத்துடுவாங்களா? எந்த வெரல்? கட்ட வெரலா?

ஐயோ, நீ ஏம்மா அழற. அழாத. உன் நோட்ட எடு. எடுத்து எழுது. நர்ஸு மேல தப்பில்ல, பொண்டாட்டிதான் பிரிச்சான்னு எழுது. டாக்டரு கேட்டா நானே வந்து சொல்றேன்.

தெனமும்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டு நல்லாத் தூங்குவாரு, அப்போ. நீ வர்ற வரைக்கும் கை வைக்கக் கூடாதுன்னு நீ சொன்னது மறக்கல. மருந்தெல்லாம் ஒண்ணும் போடல, சத்தியமா. ஓரத்தத் தூக்குவேன், புண்ணுல ஒரு வெரல வைப்பேன், திரும்ப அமுக்கி ஒட்டிடுவேன். அவ்வளவுதான்.

மொத நாள் நீ ஒட்டினப்ப அவரு உங்கிட்ட சொன்னாரே, ஜில்லுன்னு இருக்குதும்மான்னு. நான் கதவுகிட்ட வெந்நீரோட நின்னுட்டு இருந்தேன். மரத்த காலுல அதெல்லாம் தெரியாதா? மரியாதைக்குச் சும்மா சொல்லியிருப்பாரா? இருக்கும். பதினோரு மாசத்துல எங்கிட்ட சும்மாக்கூட ஒரு நாள் சொன்னதில்லம்மா.

அதான், நான் தொட்டாத் தெரியுதான்னு பாத்தேன். ஒரு நாளும் அவரு கண்ணு முழிக்கல.