கல் மேல் நடந்த ஜெரியின் உருவம்

என் பெயர் தேவப்பிரியம், வயது அறுபத்தெட்டு, கணவர் பெயர் லூயிஸ். திருவொற்றியூர் கடற்கரைக் குப்பத்தில் கெபித் தெருவில் குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது, கையெழுத்துப் போடுவேன். என் கணவர் நேற்றுக் கடலோரக் கல்லில் விழுந்து இறந்தது பற்றி உதவி ஆய்வாளர் விசாரிக்க, நடந்ததைச் சொல்லுகிறேன்.

எங்களுக்கு ஜெரி ஒரே மகன். இரண்டு வருடத்துக்கு முன் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே அவனுடைய ஃபைபர் படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, வலை கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. உடல் வராததால் அவனுக்கு நாங்கள் இறந்தவர் பூசை வைக்கவில்லை. என் நாத்தனார் டோரதி மூன்றாம் மாதமே வீட்டுக்கு வந்து, நான் போட்டுக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு, "இன்னும் இன்னா அண்ணி, வருவான் வருவான்னு வாசலப் பாத்துகினு கீற? பூசைய வச்சி முடி" என்றாள். அன்று அவள் கட்டியிருந்தது பச்சைச் சேலை. அதன் பிறகு நான் அவளோடு பேசவில்லை.

அவள் மகன் டெரிக் கல்யாண வீடியோவுக்கும் குறும்படத்துக்கும் கிராபிக்ஸ் செய்கிறவன். பிள்ளையின் முகத்தை ஒரு தரம் எதிரே பார்த்துவிட்டால் பூசை வைத்துவிடுகிறேன் என்று என் கணவர் எனக்குத் தெரியாமல் அவனிடம் சொல்லியிருக்கிறார். அதன் பேரில் டெரிக், நேற்றுக் கல்லறைத் திருநாள் சாயங்காலம், ஜெரிக்குக் கல்லறை இல்லாததால் நாங்கள் கடலோரக் கல்லில் மெழுகுவர்த்தி வைக்கப் போன இடத்துக்கு ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்தான். எதிரே உள்ளது எவ்வளவு தூரம் என்று அளக்கிற கண் ஒன்று அதன் பின்பக்கம் இருக்கிறதாம். ஜெரி படகுக்கு நடந்துபோவதை யாரோ போனில் பிடித்த வீடியோவிலிருந்து அவனை வெட்டி அதற்குள் வைத்திருந்தான். அதில் முதுகு மட்டுமே உண்டு. "மூஞ்சி கீற படத்துல நடை இல்ல மாமா, நடை கீற படத்துல மூஞ்சி இல்ல" என்று முதலிலேயே சொன்னான்.

அதன் பிறகு டேப்லெட்டைக் கரைக்கு நேராகப் பிடித்தான். திரையில் தெரிந்த மணலில் ஜெரி நின்றான். நிழல்கூட விழுந்தது. பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் நடந்தான், படகு அவன் இடுப்புவரை மறைத்தது, தலையும் தோளும் தெரிந்தன. வெறும் படமாக இருந்தால் படகு எப்படி மறைக்கும்? என் கணவர் படகைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். "நாய்தான் படுத்துகினு கீது" என்று சிரித்துக்கொண்டே வந்தார். வந்தவர் டெரிக் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு ஜெரி, அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவுக் கல்லின் மேல் கடலைப் பார்த்து நடந்தான். கடலுக்குப் போகிறவனை எங்கள் ஆட்கள் பின்னாலிருந்து கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டால் போனவன் திரும்பமாட்டான் என்ற பயம். அதனால் என் கணவர் கூப்பிடவில்லை, அவனுக்கு முன்னால் போய் நிற்பதற்காகக் கல் மேல் வேகமாக நடந்தார். கண் டேப்லெட்டிலேயே இருந்தது.

"மாமா, நில்லு! நீ போனா அதுவும் போய்கினேதான் இருக்கும்! முன்னாடி ஒண்ணும் இல்ல மாமா!" என்று டெரிக் கத்தினான்.

"சும்மா இர்றா. மூஞ்சப் பாத்துட்டு வரேன்" என்றார்.

நான் வழக்கத்தை விட்டு, "யோவ், நில்லுய்யா" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. டெரிக் ஓடிப் பிடித்ததில் சட்டைக் கை மட்டும் கிழிந்து வந்தது. அவர் இரண்டு கல்லுக்கு நடுவே தலைகீழாக விழுந்தார். டேப்லெட் மேலேயே கிடந்தது, உடையவில்லை. அதில் ஜெரி நடந்துகொண்டேயிருந்தான்.

ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள். டோரதி அங்கே வந்து என் காலைப் பிடித்து, "அண்ணி, எம் புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பிடாத" என்று அழுதாள். "பூசை பூசைன்னியே, இந்தா, வந்துடிச்சி" என்றேன்.

டெரிக் என் கணவரைத் தள்ளவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அவன் மேல் வழக்கு வேண்டாம். அவன் தாய் மேல் எனக்கு உள்ளது போலீஸில் எழுதுகிற சங்கதி இல்லை.

கைப்பற்றிய டேப்லெட்டைப் போட்டுக் காட்டி, இவர் உங்கள் மகன்தானா என்று சார் கேட்டார். என் மகன்தான் என்று அடையாளம் சொன்னேன்.

கணவர் உடலைக் கொடுத்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூசை வைக்கும்படி பங்குச் சாமியாரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். பெட்டி ஒன்றுதான்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே சரியாக இருக்கிறது, என் வாயில் வராதது எதுவும் இதில் இல்லை.

(ஒப்பம்)
லூ. தேவப்பிரியம்