அந்த ‘ங்க’

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நான் தையல்காரி; எதிலும் அளவு கூடினால் உடனே தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ‘ஒரு சீரியலுக்காகவா இவ்வளவும்?’ என்று வாசலில் நிற்கிற போலீஸ்காரரும் காலையில் கேட்டார். சீரியலுக்காக இல்லை. அதில் கதை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஒரு கல்யாணத்தை நிறுத்துவதற்கே மாதக்கணக்கில் இழுத்தார்கள். நான் பார்த்தது ஒரே ஒரு வார்த்தைக்காக. சரியாகச் சொன்னால், அந்த வார்த்தையின் வாலுக்காக.

அதில் வரும் புருஷன் தன் மனைவியை ‘நீங்க’ என்றுதான் சொல்வார். வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ‘சாப்டீங்களா?’ என்று கேட்பார். கேட்கும்போது நேராகக் கேமராவைப் பார்ப்பார். அதாவது என்னை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை என்னை ‘இந்தா’ என்று கூப்பிட்டார். கோபம் வந்தால் ‘ஏய்’. எனக்குப் பெயர் தேட எங்கப்பா பட்ட பாடெல்லாம் வீண். துணி கொடுப்பவர்கள் ‘தெச்சிட்டீங்களாக்கா?’ என்று கேட்பார்கள்தான். அது கடை ‘ங்க’. துணி கைக்கு வந்ததும் போய்விடும். வீட்டுக்குள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொல்கிற ‘ங்க’ வேறு. அதன் அருமை கிடைக்காதவளுக்குத்தான் தெரியும்.

மதியம் மறுஒளிபரப்பு, ராத்திரி புதிது. இரண்டு வேளையும் அவர் கேட்கும்வரை சாப்பிடாமல் இருப்பேன். கேட்டதும் ‘இன்னும் இல்லைங்க’ என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுப்பேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அதில் மனைவியாக நடித்த பெண்ணைக் கிள்ளியது உண்மைதான். ஒரு துணிக்கடைத் திறப்புக்கு அவளும் அந்த நடிகரும் வந்திருந்தார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும்போது, முழங்கைக்கு மேலே சதையாகப் பார்த்துக் கிள்ளினேன். முகத்தில் சிரிப்பு மாறாமல்தான் செய்தேன். சீரியலில் அவ்வளவு மரியாதையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளுக்கு அதுவே குறைச்சல். ஆனால் அன்றைக்குப் பெரிய அடி எனக்குத்தான். அந்த நடிகர் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். கீச்சுக் குரல். சீரியலில் அவருக்குக் குரல் கொடுப்பது வேறு யாரோ, டப்பிங் என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள். வீட்டுக்கு வந்து அழுதேன். என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர் யார் என்றே தெரியாமல் போய்விட்டதே என்று அழுதேன்.

அந்த வேறு யாரோ என் தலைக்கு மேலேயே குடிவந்தார். மாடி வீட்டுக்குச் சாமான் ஏற்றிய அன்று படிக்கட்டில், “பாத்து வாங்க, படி வழுக்குது” என்று ஒரு குரல். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். வழுக்கைத் தலை, தொப்பை, ஒரு காலில் மட்டும் மடித்துவிட்ட பேன்ட். இருக்கட்டும். குரல் அதேதான். ஆனால் அவர் சொன்னது எனக்கில்லை. பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த தன் மனைவிக்கு.

பழைய கட்டடம். மேலே பேசினால் கீழே கேட்கும். அவர் வீடு திரும்பியதும் ‘சாப்டீங்களா?’ என்பது தெளிவாகக் கேட்கும். நடிப்புக்காகப் பழகிய வார்த்தை இல்லை மேடம் அது. வீட்டில் இருந்ததைத்தான் ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அப்படியென்றால் இத்தனை காலம் நான் தின்றதெல்லாம் அவள் தட்டில் மிஞ்சியது. எனக்கு வயிறு எரிந்தது. அவளோ ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தபோது சொல்கிறாள்:

“இவரு தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பாருக்கா. டிவியா இருந்தா சத்தத்த அமுக்கிடலாம்னு தோணும்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அளவு நாடா அவள் கழுத்தில் இருந்தது. எடுத்துவிட்டேன்.

அவளுக்கு ஆஸ்துமா. நல்ல பெண்தான், என்னை நம்பினாள். மூச்சுத் திணறினால் உறிஞ்சுகிற மருந்து, இன்ஹேலர், ஒன்றை என்னிடம் கொடுத்து வைத்தாள். வீட்டுச் சாவியையும்.

“அவரு டப்பிங்ல இருந்தா போன அணைச்சு வெச்சிடுவாருக்கா. முடியலைன்னா தரையில தட்டுறேன். ஓடி வந்துடுங்க.”

முன்பு ஒருமுறை தட்டினாள். ஓடினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று சாயந்திரம் அவர் என் வாசலுக்கு வந்து “ரொம்ப நன்றிங்க” என்றார். அது நன்றி ‘ங்க’. கடை ‘ங்க’வுக்குப் பக்கத்து வீடு.

அன்றைக்குக் காலையில் அவள் இறங்கி வந்தாள். மேலே இருந்த மருந்து தீர்ந்துவிட்டதாம். அவர் வரும்போது புதிது வாங்கி வருவாராம். அதுவரை என்னிடம் இருப்பதுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். மதியம் தட்டினாள். கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். கேட்டது. மருந்து தையல் மிஷின் டிராயரில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. டிவியில் அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வார்த்தை வரப்போகிற நேரம். அந்தத் தட்டல் இடைஞ்சலாக இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன். சாப்பிட்டேன். தட்டைக் கழுவும்போது மேலே எந்தச் சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனது நான்தான். இன்ஹேலரைப் பற்றிக் கேட்டார். முந்தின வாரமே திரும்ப வாங்கிக்கொண்டாள் என்றேன். நம்பினார். மாட்டிக்கொண்டது என் தொழிலால். ஒருநாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சட்டையில் பொத்தான் தொங்கியது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் கைக்குத் தெரியாது. உட்காரச் சொல்லிவிட்டு, வெள்ளை நூலுக்காக டிராயரைத் திறந்தேன். நூல்கண்டுக்குப் பக்கத்தில் அது கிடந்தது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அன்னைக்கு அவங்க தட்டினாங்களா?”

“தட்டினாங்க.”

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

அந்தக் குரலிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தேன். இரண்டாவது வரவில்லை.

“கேட்டுச்சு.”

டிராயரிலிருந்து அந்த மருந்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். “நீயெல்லாம் ஒரு மனுஷியா?”

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள் மேடம். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கூடவே வாழ்ந்த அந்த மனைவியைக்கூட அவர் ஒருநாளும் ‘நீ’ என்று சொன்னதில்லை. என்னைத்தான் சொன்னார்.