அம்மாவின் வைரமும் அதன் அடியில் இருந்த தகடும்

பெயர், முகவரி இணைப்புத் தாளில் உள்ளபடி. வயது 48. கல்லூரியில் புள்ளியியல் விரிவுரையாளர். புகார் கொடுத்தவர் என் அக்கா.

“இது உங்கள் அம்மா மோதிரத்தில் இருந்த அதே கல்தானா?” என்று விசாரணை அதிகாரி முதலில் கேட்டார். எனக்குத் தெரியாது. மோதிரத்தைக் கொடுக்கும்போது நான் படம் எடுத்து வைக்கவில்லை. கல்லின் அடிப்பக்கம் தங்கத்தால் மூடியிருந்ததால் அதைத் தனியாக எடுத்து எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததும் இல்லை. இதை மூன்று முறை வாயால் சொல்லிவிட்டேன். இப்போது எழுத்தில் சொல்கிறேன்.

அம்மா இறந்த பிறகு அந்த மோதிரம் அக்காவுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது. எனக்கு விரலில் நிற்காது, அக்காவுக்கு மூட்டைத் தாண்டாது. பதினொரு மாதம் பேசிய பிறகு, வைரத்தை எடுத்துப் புதிய மோதிரத்தில் பதித்து அக்கா மகளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. புதியதில் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும், வெளிச்சம் உள்ளே போக வேண்டும் என்றார் அக்கா. எங்கோ ஒரு படத்தில் அப்படிப் பார்த்திருக்கிறார். சொல்வது அவர், அலைவது நான்.

கடந்த திங்கட்கிழமை மதியம் கல் பதிப்பவரின் பட்டறைக்குப் போனேன். ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு விளக்கு உள்ள அறை. அவர் உருப்பெருக்கி வில்லையைக் கண்ணில் இடுக்கி மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு, “இதுக்கு அடியில வெள்ளித் தகடு வச்சிருப்பாங்கம்மா. திறந்து பதிச்சா கல்லு இவ்வளவு வெள்ளையாத் தெரியாது. வீட்டுல சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். நாளைக்கு நாம் குறை சொல்லக்கூடாது என்று எல்லாரும் போட்டு வைக்கும் பீடிகைதான் என நினைத்து, “சொல்லியாச்சு” என்றேன். சொல்லவில்லை. அக்காவுக்கு இந்த நிமிடம்வரை அது தெரியாது.

இன்று வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு இருவரும் போனோம். கல் மங்கலாக, லேசான மஞ்சளாக இருந்தது. அக்கா அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனார், அதன் பிறகு விளக்குக்கு, அதன் பிறகு தெருவுக்கே கொண்டுபோனார். திரும்பி வந்து, “ஏண்டி, இதா அம்மா கல்லு? ஆறிப்போன டீ மாதிரி இருக்கு! இவ்வளவு படிச்சு என்னத்தக் கிழிச்ச?” என்றார்.

“அதே கல்லுதாம்மா. இத்தனை வருஷம் பவுடர் போட்டுக்கிட்டு இருந்துச்சு, இப்பத்தான் முகம் கழுவியிருக்கு” என்றார் கல் பதிப்பவர். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். அக்காவிடம் அது செல்லாது என்று அவருக்கு யார் சொல்வது? “எங்கம்மா போட்டிருந்தது பவுடர் பூசின கல்லா? நாக்கை அடக்கிப் பேசுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தார். “அக்கா, ஒரு நிமிஷம்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நானும் வந்தேன். அந்த நிமிஷம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றும் உறுதி கூற முடியாது.

அதன் பிறகு பட்டறை மேசையின் இழுப்பறைக்கு முத்திரை வைத்து, கல் பதிப்பவரை அழைத்து வந்தார்கள். மாலை ஐந்து மணிவரை அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வில்லை கழுத்தில் தொங்கியபடியே இருந்தது. அதற்குள் மூன்று வாடிக்கையாளர்கள் இங்கேயே வந்து, தாங்கள் கொடுத்த நகைகளைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். தகடு எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு அவர், “இழுப்பறைத் தூசியில கிடக்கும் சார். நாங்க கூட்டித் தள்ள மாட்டோம், தங்கப் பொடி இருக்கும்ல” என்றார். நாளை பார்க்கலாம் என்று அனைவரையும் அனுப்பினார்கள்.

மறுநாள் சேர்த்தது:

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பட்டறையில் எங்கள் முன்னிலையில் முத்திரை உடைக்கப்பட்டது. கல் பதிப்பவர் தூசியைத் தூரிகையால் இருபது நிமிடம் விலக்கி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய தகடு ஒன்றை இடுக்கியால் எடுத்தார். அதில் ஒரு பள்ளம் இருந்தது. அதன் பிறகு புதிய மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றி அந்தப் பள்ளத்தில் வைத்தார். விளிம்போடு விளிம்பு உட்கார்ந்தது, கல் வெள்ளையாயிற்று. முதல் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

அதன் பிறகு திங்கட்கிழமை அவர் எச்சரித்ததையும் நான் மறைத்ததையும் அக்காவிடம் சொன்னேன். “இதை நேத்தே சொல்றதுக்கென்ன? வாயைத் தைச்சா வச்சிருந்தாங்க?” என்றார். அதன் பிறகு புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கல் பதிப்பவரிடம், “சரி விடுங்க, முன்னாடி இருந்த மாதிரியே தகடு வச்சு அடைச்சுக் குடுத்துடுங்க” என்றார்.

அவர் கல்லை ஒரு காகிதத்திலும் தகட்டை இன்னொன்றிலும் மோதிரத்தை மற்றொன்றிலும் மடித்து என் கையில் கொடுத்து, மூன்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். “வேற ஆளைப் பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

இரண்டு நாளும் எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். நான் கண்டதும் செய்ததும் செய்யாததும் சரியாகவே பதிவாகியுள்ளன.

(கையொப்பம்)