எழுபதுக்கு மேல

பிள்ளைக்க வாயில இருந்து கைய எடுங்க மக்கா. பிள்ள பாடட்டு. இங்க யாரு வையப் போறா? அந்த ஜன்னல் பக்கத்துல இருக்கவன் ஒரு மணிக்கூரா போன்ல சத்தமா வீடியோ பாக்கான். அவன யாராவது கேட்டாவளா? அஞ்சு வயசுப் பிள்ள பாடினா மட்டும் கொறச்சிலாக்கும்.

தமிழா? ஃபாரத்த திருப்பித் திருப்பி வச்சிட்டு இருந்தியளே, அப்பமே நெனச்சேன். எந்த ஊரு? புளியங்குடியா. வீட்டுக்காரரு இங்க ஹோட்டல்ல. செரி. எனக்கு களியக்காவிள. கெட்டிக்கிட்டு இங்க வந்து பதினஞ்சு வருஷமாச்சு. ரத்னாபாய்னு பேரு. இது எனக்க மகன் சுஜின், பன்னெண்டு நடக்குது. நீங்க கேட்டா பதில் சொல்லமாட்டான், ஒண்ணும் நெனைக்கண்டாம். இந்தக் கட்டிடத்துக்குள்ள வந்தா அப்படித்தான். வீட்டுல வாய் அடங்காது.

பிள்ளைக்கு என்ன பேரு? சுமி. நல்லாத்தான் பாடுதா. வார்த்த வெளங்கல்லன்னா என்ன, ராகம் வெளங்குதே.

உள்ள டாக்டர்ட்ட போனா பாடப்பிடாது, பேசப்பிடாதுன்னு யாரு சொன்னா? கொழுந்தனாரா. அவருக்கு என்ன ஜோலி? லாட்டரிக் கடையா. பின்ன, நம்பரு விஷயம் அவருக்குத் தெரியும்தான்.

சிரிச்சிட்டியளே. சிரிக்கட்டும்னுதான் சொன்னேன். அவரு சொன்னது தப்புன்னு சொல்லல்ல மக்கா. நேத்து வர அதுதான் செரி. பிள்ளைக்கு எவ்வளவு ஏலாதோ அவ்வளவு சர்ட்டிபிகேட்டுல நம்பரு கூடும், நம்பரு கூடினா ஒத்தாச கிடைக்கும். நாங்களும் அதப் பிடிச்சுத்தான் வந்தோம். இப்பம் புதுசா ஒண்ணு கொண்டு வாறாவ. உங்களுக்கு யாரும் சொல்லல்லியா?

கரடுன்னு சொல்லுவாவ இங்க. சட்டம் ஆகியதுக்கு முந்தி எழுதி வைக்கியது, டிராஃப்ட்டு. முப்பத்தெட்டு பக்கம். எங்க பேரன்ட்ஸ் குரூப்புல போட்டாவ. யாருக்கு வாசிக்க நேரம்? வலியசாலையில செண்பகவல்லின்னு ஒரு மாமி, பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவ, அவளுக்கும் ஒரு மக உண்டு நம்மள மாதிரி. அவதான் வரிவரியா வாசிச்சு வாய்ஸ் அனுப்பினா. பதினாலு பக்கம் வர தேன் மாதிரி இருக்கு. உரிமைங்கா, மரியாதைங்கா, எல்லாரையும் சேத்துக்கிடணும்ங்கா. மாமிக்க கொரலே எளகிப் போச்சு. பதினஞ்சாவது பக்கத்துல கொரல் மாறிச்சு. நம்பரு நூத்துக்கு எழுபதுக்கு மேல உள்ள பிள்ளைகள சாதா ஸ்கூல்ல இருத்தண்டாம், அவங்களுக்கு உசிதமான சென்டருக்கு மாத்தணும். உசிதம்னா ஏத்தது. யாருக்கு ஏத்ததுன்னு எழுதல்ல.

அதுக்குப் பிறகு குரூப்புல ஒரு மெசேஜும் இல்ல. குட்மார்னிங் பூ அனுப்புதவ கூட அனுப்பல்ல. மறுநாளு மைதீன் பாய்தான் கேட்டாரு, நம்ம பிள்ளைகளுக்கு எத்தனன்னு எல்லாரும் ஒண்ணு சொல்லுங்கன்னு. ஒண்ணு ஒண்ணா வந்துது. எழுபத்தி ரெண்டு. எழுபத்தஞ்சு. எம்பது. எழுபத்தி ஒண்ணு. ஒருத்தருக்கும் எழுபதுக்குக் கீழ இல்ல. எப்படி இருக்கும்? நாங்களே கேட்டு வாங்கினதில்லா.

அன்னைக்கு எங்க ஸ்கூல்ல உள்ள ஏற்பாடு அது. எழுபது இருந்தாத்தான் ஸ்பெஷல் டீச்சர் வாரத்துல மூணு நாள் வரும். இல்லன்னா பிள்ள கடசி பெஞ்சுல இருந்து ஃபேனப் பாத்துட்டு இருக்கணும். இந்தப் பெஞ்சுலதான் இருந்து கண்ணீரு விட்டுக் கரஞ்சிருக்கோம். சாரே, அறுபத்தஞ்சு போட்டிருக்கு, கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தாங்கன்னு. இப்பம் பாருங்க. அதே ஆளுக, அதே பெஞ்சு. சாரே, கொஞ்சம் கொறச்சுத் தாங்க. அந்த டோக்கன் விளிக்கிய பையன் பழைய ஆளு. எங்களப் பாத்தா சிரிக்கான்.

இல்ல, இன்னும் சட்டம் ஆகல்ல. மாசக் கடசி வர அபிப்பிராயம் எழுதிக் கொடுக்கலாம். நான் நாலு பக்கம் எழுதிக் கொண்டு போனேன், தமிழ்ல. கவுண்டர்ல இருந்த பிள்ள புரட்டிப் பாத்துட்டு மலையாளமோ இங்கிலீஷோ வேணும் சேச்சின்னா. வீட்டுக்காரரு மலையாளத்துல எழுதினாரு. நாலு பக்கம் ஒரு பக்கமாச்சு. அவருக்கு வெல்டிங் வேல, வேண்டாதத வெட்டிக் கள‌ஞ்சிருவாரு. எனக்க கோவம் எல்லாம் போச்சு. வணக்கமும் கையெழுத்தும் நடுவுல ஒரு வேண்டுகோளும் மிஞ்சிச்சு. கொடுத்தாச்சு. யாரு வாசிக்கப் போறா.

அந்தச் சென்டரா? போய்ப் பாத்தேன். மோசம்னு சொல்லமாட்டேன். சுவருல பட்டாம்பூச்சி வரஞ்சிருக்கு. பதினோரு பிள்ளைக. ஆயா நல்லாப் பாத்துக்கிடுதா. ஆனா அங்க பேரு விளிக்கமாட்டாவ. எதுக்கு விளிக்க, பதினோரு பேரு, கேட்டுல நின்னா எண்ணிக்கிடலாம்.

இவனுக்க கிளாஸ்ல முப்பத்தி நாலு பேரு. கால‌ம்பற ஆஜர் எடுக்கியது இவன். டீச்சர் புஸ்தகத்த வச்சிட்டு நிப்பா, அவ்வளவுதான். இவன் புஸ்தகம் பாக்கண்டாம். அபிஜித்துல தொடங்கி வரிசையா விளிப்பான். வராதவனுக்கு அவனே வந்நில்லான்னு சொல்லுவான். இருவத்தெட்டாவது வரும்போ கொஞ்சம் நிறுத்தி, சுஜின் ஜே-ன்னு அவன் பேர அவனே விளிச்சு, அவனே ப்ரெசென்ட் டீச்சர்னு சொல்லுவான். ஒரு பிள்ள சிரிக்காது. மொதல்ல சிரிச்சுதுக, இப்பம் சிரிக்காது. லீவு நாள்ல வீட்டுல இருந்து முப்பத்தி நாலு பேரையும் விளிப்பான். எல்லாரும் வந்நில்லா.

அதாக்கும் அவனுக்கு ஸ்கூல். வேற ஒண்ணும் பெருசா இல்ல. அத எடுத்துட்டா பின்ன என்ன இருக்கு அவனுக்கு?

போன மாசம் கொண்டு வந்தேன், நம்பரக் கொறைக்க. டாக்டரம்மா நல்ல மனுஷி, கோவப்படல்ல. பேரு என்ன மோனே. பேசல்ல. இது என்ன நிறம். பேசல்ல. குச்சி அடுக்கி வச்சு எண்ணச் சொன்னாவ. குச்சியப் பாத்தான், என்னப் பாத்தான். நான் சொல்லு மக்கா, சொல்லு மக்கான்னு கெஞ்சுதேன். அம்மே, நீங்க சொல்லிக் கொடுக்கண்டாம்னு என்ன வெளிய இருத்திட்டாவ. பிறகு என்ன உள்ள விளிச்சு, பழைய ஃபைல எடுத்துப் பாத்தாவ. அஞ்சு வருஷம் முந்தியும் பேசல்ல, இப்பமும் பேசல்ல. சாதா ஸ்கூல்ல இருந்து குட்டிக்கு ஒரு மாற்றமும் வந்நில்லல்லோ, சென்டராக்கும் நல்லதுன்னு சொல்லிட்டு எம்பத்தி ஒண்ணு போட்டாவ. கொறைக்கக் கொண்டு வந்தவளுக்கு ஒம்பது கூடிப் போச்சு. ஸ்கூல் மேல பழி. அந்த முப்பத்தி நாலு பேரையும் யாரு சொல்லிக் கொடுத்தா, ஸ்கூல்தானே? நான் சொன்னா யாரு கேக்கா. தாய்க்குத் தோணுததெல்லாம் எழுத முடியாதாம்.

இன்னைக்கு அப்பீலு. உள்ள மூணு பேரு இருப்பாவ.

வீட்டுல பழக்கினோம் மக்கா, பழக்காம இருப்போமா. வீட்டுக்காரரு வெள்ளச் சட்ட போட்டு, போன் ஒயர கழுத்துல தொங்கப் போட்டுக்கிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாரு. பேரு என்ன? சுஜின் ஜே. எங்க படிக்கிய? சொன்னான். பத்து வர எண்ணுன்னாரு, நாப்பது வர எண்ணிட்டு, டாக்டர் பீடி குடிக்கப்பிடாதுன்னான். அவரு சட்டப் பையில கெடந்தது கண்ணுல பட்டிருக்கு. பத்து நாளு பழக்கினோம். ஒரு நாளும் தப்பல்ல. இங்க கொண்டு வந்து இந்தக் கதவுக்கு முன்னால இருத்தினா, பாருங்க. இப்பம் ஒரு மணிக்கூராச்சு, மூச்சு உண்டா?

பயமா? பயம் இல்ல. ஊசி போட்டாக் கூட கரையமாட்டான்.

சுமி ஏன் நிறுத்திட்டா? பாடு மோளே. மாமி ஒண்ணும் சொல்லமாட்டேன். உங்க அம்மைட்ட பேசிட்டு இருக்கேன், நீ பாடு.

சொல்லுதேன் மக்கா. அன்னைக்கு, அஞ்சு வருஷம் முந்தி, இவனுக்கு ஏழு வயசு. அப்பமே இருவது வர எண்ணுவான், நிறம் எல்லாம் தெரியும். இங்க இருந்து கதவு நம்பரா படிச்சிட்டு இருந்தான், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா. பக்கத்துல எலிசாள்னு ஒரு அக்கா இருந்தா, நெய்யாற்றின்கரைக்காரி. அவ சொன்னா, இப்படி எண்ணினா அம்பது கூட கிடைக்காது பிள்ளே, வாய அடக்குன்னு. நல்லதுக்குத்தான் சொன்னா. உங்க கொழுந்தனாரு மாதிரிதான். நான் இந்தக் கைய வச்சுப் பொத்தினேன். முக்கா மணிக்கூரு. கைக்குள்ள எண்ணிட்டே இருந்தான், உள்ளங்கையில சூடா மூச்சு படும். காதுல சொன்னேன், டாக்டர்ட்ட பேசினா உனக்க டீச்சர் வரமாட்டா. ஜெஸ்லின் டீச்சர்னு ஒருத்தி ஒரு வாரம் சும்மா வந்து பாத்துட்டுப் போயிருந்தா, அவமேல உயிரு இவனுக்கு. பேசல்ல. எழுபத்தி ரெண்டு கிடைச்சுது. ஜெஸ்லின் டீச்சரும் வந்தா. நான் சொன்னது பொய்யில்லன்னு ஆயிப்போச்சு பாத்தியளா.

இன்னைக்கும் வாரத்துல மூணு நாள் வாறா. அவன் வாக்குத் தவறல்ல, அவளும் தவறல்ல. இப்பம் போய் நான் என்ன சொல்ல அவங்கிட்ட? 

உங்க டோக்கன் எத்தன? நாப்பத்தி ஒண்ணா, அப்பம் நேரம் இருக்கு. பிள்ளைக்குத் தண்ணி கொடுங்க, தொண்ட காஞ்சிருக்கும். விளிச்சாச்சா? முப்பத்தி ஏழா? எங்களுதாக்கும்.

எழும்பு மக்கா. செருப்பப் போடு. ஒரு கையால எப்படி அம்மைக்கு ஃபைல் எடுக்க முடியும்? எனக்க கைய எடுத்து நீயே உனக்க வாயப் பொத்தண்டாம் மக்கா. விட்டுட்டு வா.